ஆறாம் வகுப்புப் பின்னமும் வீட்டு டேப்பும்

ஜனவரி 6, 2025, திங்கள்

மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. கணக்கில் முதல் பாடமே பின்னங்கள். சாயங்காலம் மகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு நோட்டை நீட்டினாள். 1/2 + 1/3 = 2/5 என்று இருந்தது. மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். பின்னம் படிக்கும் பிள்ளைகளில் ரொம்பப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். இத்தனை வருஷம் முழு எண்களைக் கூட்டிப் பழகிய கை, வேறெப்படிப் போகும்?

முறையைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நான் சொல்லவில்லை. "2/5 பெரிசா, பாதி பெரிசா?" என்று மட்டும் கேட்டேன். விரலை மடக்கிப் பார்த்தாள். "அஞ்சுல பாதி ரெண்டரை. இங்க ரெண்டுதானே இருக்கு? பாதிதான்மா பெரிசு." "அப்போ பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா?" பதில் சொல்லாமல் ரப்பரை எடுத்தாள்.

சரியான விடை இன்றைக்கு வரவில்லை. 2/5 ஏன் விடையாக முடியாது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அழித்த இடத்தைக் காலியாகவே விடச் சொன்னேன். எங்கே நிற்கிறாள் என்று டீச்சருக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

ஜனவரி 8, புதன்

வீட்டுக்காரரிடம் நோட்டைக் கொண்டுபோனாள். "எனக்குக் கணக்கு வராது பாப்பா, அம்மாகிட்ட கேளு" என்று அனுப்பிவிட்டார். அவள் தூங்கிய பிறகு, அந்த வார்த்தையை இனிமேல் அவள் காதில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் பற்றியது. கணக்கென்றாலே பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றிருந்தார்கள். அவர்களுக்கும் கணக்குப் பயம் கூடியிருந்தது. அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அப்படி இல்லை. பயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தால் பயம்தான் போய்ச் சேருகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதுவும் இவர் தச்சு வேலை செய்பவர். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். நாலே கால் இஞ்சில் மூன்று நூல் கழித்து அறு என்றால் பென்சிலே எடுக்காமல் அறுப்பார். இவருக்குக் கணக்கு வராதாம்!

ஜனவரி 11, சனி

இன்றைக்கு வேலைக்கு லீவு என்பதால் அவரையே உட்கார வைத்தேன். டேப்பை ஒரு அடி இழுத்து லாக் போட்டார். "இதுல பாதி எங்க?" என்றார். 6 இஞ்சில் விரல் வைத்தாள். "மூணுல ஒரு பங்கு?" கொஞ்சம் திணறினாள். மூன்றாக மடித்துப் பார்க்க அதே நீளத்துக்குத் தையல் நூல் ஒன்று வெட்டிக் கொடுத்தார். மடித்து வைத்தாள், 4 இஞ்சில் வந்து நின்றது. "ஆறும் நாலும் பத்து. பன்னிரண்டுல பத்து!" என்றாள். இரண்டால் சுருக்கினால் 5/6. திங்கட்கிழமை காலியாக விட்ட இடத்தில் அவளே எழுதிக்கொண்டாள்.

12ஐ 2, 3, 4, 6 எல்லாம் மீதியில்லாமல் வகுக்கும், அதனால்தான் பாதியும் மூன்றில் ஒன்றும் முழு இஞ்சில் விழுகின்றன. இதை நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். "அவளே கண்டுபிடிப்பா, இரு."

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

லால்குடி பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறோம். அவள் அப்பாயி பரணிலிருந்து படியும் உழக்கும் ஆழாக்கும் எடுத்துக் கொடுத்தார். படியில் கால் பங்கு உழக்கு, அதில் பாதி ஆழாக்கு. உழக்கையும் ஆழாக்கையும் கொட்டினால் மூன்று ஆழாக்கு, அதாவது 3/8 படி. அரிசி பாதி திண்ணையில். வேறு கணக்கு எதுவும் போடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

வகுப்பில் மீ.சி.ம., அதாவது கீழே இருக்கும் இரண்டு எண்களுக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கைக் கண்டுபிடித்துக் கூட்டச் சொல்கிறார்கள். ட்யூஷனில் குறுக்கே பெருக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே சரிதான். ஆனால் 3/8 + 1/12 என்று வந்தால் குறுக்கே பெருக்குகிற பிள்ளைக்கு 44/96 கிடைக்கும், அப்புறம் உட்கார்ந்து சுருக்க வேண்டும். மீ.சி.ம. 24 என்று பார்த்தவள் 9/24, 2/24 என்று எழுதி நேராக 11/24க்கு வந்துவிடுவாள். மூன்றாவதாக நானும் ஒரு வழியைச் சொல்லிக் குழப்ப விருப்பமில்லை. பாடம் முடியும்வரை பள்ளி வழியே போதும் என்று ட்யூஷனில் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

1/2 + 1/5. டேப்பை எடுத்தாள். ஒரு அடியில் ஐந்தில் ஒன்று எந்தக் கோட்டிலும் விழவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, சென்டிமீட்டர் இருக்கும் ஓரத்துக்குப் போனாள். ஒரு மீட்டரில் பாதி 50, ஐந்தில் ஒன்று 20, மொத்தம் 70. "பத்துல ஏழு" என்றாள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவர் விடவில்லை. "மூணுல ஒண்ணும் ஏழுல ஒண்ணும் வந்தா எந்தப் பக்கம் பார்ப்ப?"

"அதுக்கு டேப்பே கிடையாதுப்பா. 21 கட்டம் நாமளே போட்டுக்கணும்" என்று நோட்டில் கோடு இழுத்தாள். ஏழு கட்டத்தில் பென்சில் தீட்டினாள், மூன்று கட்டத்தில் பேனா. 10/21.

நாளைக்கு வகுப்பில் கழித்தல் தொடங்குகிறார்களாம். மூன்றே காலில் ஒன்றே முக்கால் போக எவ்வளவு என்ற மாதிரிக் கணக்குகள் வரும். நாளைக்கு நானே அவளோடு உட்காருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.