பித்தப்பை எங்கே?

2024 ஒக்டோபர் 7, திங்கள்
கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வலப்பக்க விலாவுக்குக் கீழே குத்துகிறதாம். கையில் வேறிடத்து ஸ்கான் அறிக்கை: "சுருங்கிய பித்தப்பை, உள்ளே கற்கள்." சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

இரவிலிருந்து வெறும் வயிறு. பித்தம் நிறைந்து பை விரிந்திருக்க வேண்டிய நேரம். நான் மறுபடி ஸ்கான் செய்து பார்த்தேன். ஈரலுக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடும் அதன் பின்னே நிழலும்தான் தெரிந்தன. கல் அடைத்துச் சுருங்கிய பை அப்படித் தெரியும். முன்சிறுகுடலில் நிற்கும் காற்றும் அப்படியே ஏமாற்றும். இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தேன். கோடு உருமாறிக் கலைந்தது; கல்லென்றால் அப்படிக் கலையாது, அது காற்று. "பித்தப்பை காணப்படவில்லை, எம்.ஆர்.சி.பி. தேவை" என்று எழுதினேன். பித்தக்குழாய்களைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் ஸ்கான் அது. காணாததைக் காணவில்லை என்று எழுதுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

ஒக்டோபர் 8, செவ்வாய்
இரவு முழுதும் கருவியல், அதாவது கருவில் உறுப்புகள் உருவாகும் விதம், படித்தேன். நான்காவது வாரத்தில் முன்குடலிலிருந்து கிளம்பும் மொட்டின் ஒரு பகுதி ஈரலாகிறது, இன்னொரு பகுதி பித்தப்பையாகிறது. அந்தப் பகுதி வளராவிட்டால் பையே இல்லை. பிளந்தால் இரண்டு பைகள்: ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு. உடற்கூற்றியலாளர் பொய்டன் 1926இலேயே இவற்றை வகைப்படுத்திவிட்டார். ஈரலுக்குள்ளே புதைந்த பை, இடப்பக்கம் போன பை என்று வேறும் உண்டு. ஆகவே இல்லை என்று சொல்லுமுன் அங்கெல்லாம் தேடியாக வேண்டும்.

ஒக்டோபர் 10, வியாழன்
சத்திரசிகிச்சை நிபுணர் தொலைபேசியில் கேட்டார்: "வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா போட்டுப் பார்த்துவிட்டால் என்ன?" வேண்டாம் என்று மன்றாடினேன். இல்லாத பையைத் தேடித் திசுவைப் பிரிக்கையில் ஈரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாய் அறுபடலாம். கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் பித்தம் போகும் வழியைப் படமெடுக்கும் ஹைடா ஸ்கானும் இங்கே உதவாது. பை இல்லாவிட்டாலும் சரி, அதன் குழாய் அடைபட்டிருந்தாலும் சரி, படத்தில் ஒரே வெறுமைதான். காத்திருக்கச் சம்மதித்தார். நல்ல மனிதர்.

ஒக்டோபர் 15, செவ்வாய்
எம்.ஆர்.சி.பி. வந்தது. பித்தக்குழாய் சற்றே அகன்றிருக்கிறது, கல் இல்லை. பை எங்குமே இல்லை. சத்திரசிகிச்சை கைவிடப்பட்டது.

"பை இல்லாமலா டொக்டர் இத்தனை வருடம் சாப்பிட்டேன்?" என்று அக்கா திகைத்தார். ஈரலில் சுரக்கும் பித்தம் நேரே குடலுக்குப் போகிறது என்று வரைந்து காட்டினேன். குழாயின் வாயில் உள்ள தசை இறுகுவதால் வலி வரலாம். அதைத் தளர்த்தும் மாத்திரையோடு தொடங்குகிறோம்.

பிறவியிலேயே பித்தப்பை இல்லை என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொன்னேன். நள்ளிரவில் வலியோடு வேறொரு வைத்தியசாலைக்குப் போனால், அங்கும் முதலில் கல்லைத்தான் தேடுவார்கள்.