ஊதாக் கணு

ஏ.ஆர்.எஸ். என்ற வேளாண் ஆராய்ச்சிப் பணித் தேர்வை எப்படி எழுதினீர்கள் என்றுதான் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். அதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று மூன்று கட்டம். எனக்கு இரண்டாவது முயற்சியில் கிடைத்தது. அப்புறம் ஹைதராபாத்தில் தேசிய வேளாண் ஆராய்ச்சி மேலாண்மை அகாடமியில் (நார்ம்) பயிற்சி. என் தலைமுடி நரைத்தது இதிலெல்லாம் இல்லை, ஒரு கேழ்வரகு ரகத்தை வெளியே கொண்டுவந்ததில்.

கேழ்வரகில் ஒட்டுச் சேர்ப்பது, அதாவது இரண்டு ரகங்களைக் கலப்பது, கண்ணைக் கெடுக்கும் வேலை. பூ அவ்வளவு சின்னது, அதுவும் தன் மகரந்தத்திலேயே சூல்கொண்டுவிடும். கதிரை 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் முக்கி மகரந்தத்தைச் சாகடிப்பது ஒரு முறை. நாங்கள் செய்தது இன்னும் எளிது. இரண்டு பெற்றோரின் கதிர்களையும் சேர்த்துக் கட்டி, உறை மாட்டிவிடுவோம். ஆண் பெற்றோராகக் கணுவில் ஊதா நிறம் உள்ளதையும், தாயாக அது இல்லாததையும் தேர்ந்தெடுப்போம். மறு பருவம் தாய்க் கதிரின் விதையை விதைத்தால், எந்தச் செடியின் கணுவில் ஊதா தெரிகிறதோ அதுதான் உண்மையான ஒட்டு. ஒரு பருவம் முழுக்கக் கட்டியதில் எனக்கு 7 செடிதான் தேறியது. அங்கிருந்து தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, குணம் நிலைப்பதற்கே ஆறு ஆண்டு ஆனது.

அதற்குப் பிறகுதான் அகில இந்திய ஒருங்கிணைந்த சோதனை. 1957-இல் மக்காச்சோளத்துக்காகத் தொடங்கிய ஏற்பாடு இது, பிறகு ஒவ்வொரு பயிருக்கும் வந்தது. முதல் ஆண்டு தொடக்கநிலைச் சோதனை, அதில் தேறினால் மேலும் இரண்டு ஆண்டு முன்னேறிய சோதனை. விதையை ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கு அனுப்பியதோடு அதன் பெயர் போய்விடும். பெயருக்குப் பதில் கோடு (code) எண் போட்டுப் பல மாநில மையங்களுக்கும் பிரித்து அனுப்புவார்கள். எது யாருடையது என்று விதைக்கிறவருக்குத் தெரியக்கூடாது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ரகங்களையும் ஒப்பீட்டுக்காகப் பக்கத்துப் பாத்தியிலேயே போடுவார்கள், அவற்றைத் தாண்டினால்தான் அடுத்த ஆண்டு.

நான் பொறுக்கி நிலைப்படுத்திய விதை வழியை வரிசை என்போம். என் முதல் வரிசை சோதனையின் இரண்டாம் ஆண்டில் கழிந்தது. விளைச்சல் இருந்தது, ஆனால் மழை கூடிய இடங்களில் குலைநோய் கதிர்க் கழுத்தையே முறித்துவிட்டது. மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இரண்டாவது வரிசையை அனுப்பினேன். எங்கள் மையத்துக்கும் கோடு எண்ணோடு சோதனை விதை வந்தது. நாற்று வளர வளர ஒரு பாத்தியில் மட்டும் கணு ஊதாவாக ஏறியது. களை எடுக்க வந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இது நம்மதுதான சார்?" என்றார். "தெரியாதும்மா" என்றேன். பொய். அந்தப் பாத்திக்கு மட்டும் ஒரு கை யூரியா கூடுதலாகப் போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, மற்ற மையங்களின் கணக்கோடு ஒப்பிட்டால் அது தனியாகத் தெரிந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்ற பயம்தான்.

மூன்று ஆண்டும் தேறியது. ஆண்டுக் கூட்டத்தில் ரக அடையாளக் குழு ஒப்புக்கொண்டது. அப்புறம் காகித வேலை: டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தில் விதையை ஒப்படைத்து ஐ.சி. எண் என்ற பதிவு எண் வாங்க வேண்டும், மத்திய ரக வெளியீட்டுக் குழுவுக்கு முன்மொழிவு எழுத வேண்டும். கடைசியில் 1966 விதைச் சட்டத்தின்கீழ் அரசிதழ் அறிவிக்கை வந்தது. ஒட்டுக் கட்டிய நாளிலிருந்து எண்ணினால் 11 ஆண்டு. என் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூவுக்குப் போயிருந்தாள்.

சில ஆண்டு கழித்து இன்னொரு பயிரின் தேசியத் திட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் ஆனேன். எந்தப் பயிர் என்று சொன்னால் ஆட்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வேண்டாம். புது ரகம் உருவாக்குவதற்கு அந்த நாற்காலியில் நேரமே இல்லை. வேலை எல்லாம் அடுத்தவர் அனுப்பும் எண்களைப் பார்ப்பதுதான்.

ஒரு மையத்திலிருந்து வந்த தாள் அழகாக இருந்தது. ஒரே ரகத்தை மூன்று இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவதை ரெப்ளிகேஷன் என்போம்; அந்த மூன்றிலும் விளைச்சல் ஏறக்குறைய ஒன்று. வயலில் வேலை செய்தவனுக்கு அந்த அழகு வயிற்றைக் கலக்கும். கண்காணிப்புக் குழுவின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பயிர் பாதி இடத்தில் முளைக்கவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த மையத்தின் தரவை நீக்கினேன். அதன் பொறுப்பாளர் பயிற்சிக் காலத்தில் என் அறைத்தோழர். கூட்டத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஆண்டு அவரிடமிருந்து வந்த தாளில் எண்கள் ஏறி இறங்கிக் கிடந்தன. ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: "இரண்டு பாத்தி மாடு மேய்ந்துவிட்டது." அந்த இரண்டை விட்டுவிட்டு மீதியைக் கணக்கில் சேர்த்தேன்.