பேன்ட் சைஸ் 34, வயிறு 37

மதுரை வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில் 22 வருடமாகத் தைக்கிறேன். புதுமண்டபத்தில் தைத்த அப்பாவிடம் பழகிய தொழில். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அளவு நோட்டில் ஒரு பக்கம் உண்டு. பழைய நோட்டை எடைக்குப் போடுவதில்லை.

போன வாரம் ஒரு அக்கா சுடிதாரைப் பிரித்து விடச் சொல்லி வந்தார். வயது 51. "தின்னே ஊதிட்டேன்னு வீட்ல பேசுறாங்கம்மா" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டைப் புரட்டினேன். 2014-ல் இடுப்பு 31, சீட் (பின்பக்கச் சுற்றளவு) 40. இப்போது இடுப்பு 36, சீட் அதே 40. உள்ளே விட்டிருந்த ஒன்றரை இஞ்ச் துணி போதவில்லை; பக்கத்துக்கு ஒரு பட்டி வைத்துத்தான் ஒட்டுப் போட்டேன்.

தின்றதால் மட்டும் வருவதென்றால் சீட்டும் ஏறியிருக்க வேண்டுமே! மாதவிலக்கு இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொழுப்பைத் தொடையிலும் பின்பக்கத்திலும் தோலுக்கடியில் சேர்த்து வைக்கிறது. அது நின்றதும் கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. ஆண்களுக்கோ வாலிபத்திலேயே அங்கேதான் சேரும்.

ஹார்மோனோடு முடியவில்லை. பிறப்புறுப்புச் சுரப்பிகளை எடுத்துவிட்ட எலிகளிலும், பெண்களுக்கு இருப்பதுபோல் இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ளவைதான் அதிகம் பருத்தன. அப்புறம் எஃப்டிஓ என்கிற மரபணு. 2007-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதன் பருமன் வகை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தவர்கள், வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடுதல். பசியைத் தூண்டித்தான் அது வேலை செய்கிறது. பசி கூடப் பிறந்தது என்றால் அந்த அக்காவை எதற்குத் திட்ட வேண்டும்? எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

சரி, என் தம்பிக்கு வருகிறேன். கை கால் குச்சி மாதிரி. "நான் ஒல்லிக்கா" என்பான். புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3தான். உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21.2. ஒல்லிக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு இது. அதனால்தான் நம் நாட்டில் வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இஞ்ச் டேப்பில் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை நிறுத்தி, விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினேன். 37.

"பேன்ட் 34தானேக்கா போடுறேன்?"

"தொப்பைக்குக் கீழ போடுறடா."

செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றில் சுகர் பார்க்க அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கும் 45-ல்தான் ஆரம்பித்தது. அவனுக்கு இப்போது 43.