கதை கேட்கும் பாலையா

‘காதலிக்க நேரமில்லை’ படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நாகேஷ் தம் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சி தவறாமல் நினைவுகூரப்படுகிறது. பாராட்டில் பெரும்பங்கு கதை சொன்னவருக்கே போய்ச் சேர்கிறது. கேட்டவர் டி. எஸ். பாலையா. அக்காட்சியின் பளுவில் பாதிக்கு மேல் சுமந்தவர் அவர்தான் என்பது என் கணிப்பு.

1964-இல் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த அப்படத்தில் பாலையாவுக்குச் சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன் வேடம். மகன் செல்லப்பா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, படம் எடுக்கப் பணம் கேட்டு அவரைத் துளைக்கிறான். மகனின் கலை ஆர்வத்தில் துளியும் நம்பிக்கை இல்லாத, பணத்தை எண்ணியே பழகிய அந்த மனிதர், வேண்டாவெறுப்பாகத்தான் கதை கேட்க உட்காருகிறார். காட்சி முழுவதும் இந்த வெறுப்பிலிருந்தே கிளைக்கிறது.

நாகேஷ் நடந்தும் குனிந்தும் வாயாலேயே ஒலிகளை எழுப்பியும் கதையை வளர்த்துக்கொண்டே போக, பாலையா இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, அலட்சியத்திலிருந்து கவனத்துக்கும், கவனத்திலிருந்து கலக்கத்துக்கும், அதிலிருந்து அப்பட்டமான பயத்துக்கும் படிப்படியாக இறங்குகிறார். இந்தப் படிகளில் ஒன்றையும் அவர் தாண்டிக் குதிப்பதில்லை. திரையில் பேய் இல்லை, காடு இல்லை, இருட்டும் இல்லை. இருப்பதாக நாம் நம்புவது அவருடைய கண்களைப் பார்த்துத்தான். எதிரில் இருப்பவர் சற்று முன்னதாகவே பயந்திருந்தாலோ, சிரிக்க வைக்கும் நோக்கில் பயத்தைப் பெருக்கிக் காட்டியிருந்தாலோ, நாகேஷின் அத்தனை உழைப்பும் வெறும் மிமிக்ரியாக நின்றிருக்கும். தாம் நகைச்சுவை செய்துகொண்டிருப்பதே தெரியாதவர்போல் பாலையா இருக்கிறார் என்பதால்தான் நாம் சிரிக்கிறோம்.

1936-இல் ‘சதி லீலாவதி’யில் தொடங்கி, வில்லனாகவே நெடுங்காலம் அறியப்பட்டவர் அவர். அந்த அனுபவம் இங்கே வேறு வடிவில் பயன்பட்டிருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் அசோக் அவர் வீட்டெதிரே ஆர்ப்பாட்டம் செய்யும்போது, ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்ற பாட்டின் குறும்புக்கு இடையிலும் பாலையா முதலாளியின் கடுமையைத் தளர்த்துவதில்லை. அதே இளைஞன் பெரும் பணக்காரரின் மகன் என்று நம்ப வைக்கப்பட்டவுடன், குரலில் தேன் வழிகிறது. அந்தப் பணக்காரத் தந்தை சிதம்பரமாக முத்துராமன் முதியவர் வேடமிட்டு வரும் காட்சிகளில் அந்தப் பணிவு இன்னும் ஒரு படி குழைகிறது. பணத்தின் முன் மட்டுமே வளையும் அந்த முதுகை அவர் கேலியாகக் காட்டாமல், விசுவநாதனுக்கு அதுவே இயல்பு என்பதுபோல் நடிக்கிறார். ஆகையால் பேராசைக்காரராக இருந்தும் நமக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை. (மறு ஆண்டு ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து, வளையவே தெரியாத செருக்கையும் அவர் அதே நம்பகத்தோடு செய்து காட்டினார்.)

குறை சொல்ல இடமில்லாமல் இல்லை. ஆள்மாறாட்டச் சிக்கல்கள் பெருகும் பிற்பகுதியில், ஏமாறுவதைத் தவிர அவருக்குத் தரப்பட்ட வேலை குறைவு. தம்மைச் சுற்றி இத்தனை பேர் நாடகமாடியிருக்கிறார்கள் என்று அறியும் ஒரு தகப்பனின் அவமானத்தைப் பாலையாவால் நிச்சயமாக நடித்துக் காட்டியிருக்க முடியும். ஆனால் எல்லோரையும் மகிழ்ச்சியாகச் சேர்த்துவைக்கும் அவசரத்தில் இருந்த திரைக்கதை, அதற்கு அவகாசம் தரவில்லை.