செய்முறைத் தேர்வில் கெண்டை வந்தால்: புண்டியஸ் பேரினத்தை நான் படித்த விதம்

எம்.எஸ்சி விலங்கியல் மூன்றாம் பருவச் செய்முறைத் தேர்வில் எனக்கு ஸ்பாட்டராக, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரியாக, வந்தது ஒரு கெண்டை. வாலடியில் கறுப்புப் பொட்டு, முதுகுத்துடுப்பில் நூல் நூலாக நீண்ட கதிர்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வருடம் முழுக்க அந்த ஜாடியின் லேபிளில் பார்த்த பெயரை, புண்டியஸ் ஃபிலமென்டோசஸ் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) போனேன். வெளித்தேர்வாளர் கேட்டார்: "இது இப்ப எந்த ஜீனஸ்மா? ஏன் மாத்தினாங்க?" ஜீனஸ் என்றால் பேரினம், நெருங்கிய இனங்களின் தொகுதி; அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான். இரண்டு கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. மதிப்பெண் போனதுகூடப் பரவாயில்லை, அத்தனை நாள் உட்கார்ந்து படித்த மீனைப் பற்றி வாய் திறக்க முடியவில்லையே என்பதுதான் வலித்தது. அடுத்த பருவத்துக்கு இந்தப் பகுதியை முதலிலிருந்து படித்தேன். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், பெயர்கள் தானாக மனதில் நிற்கும். கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன், சிறு கெண்டைகளுக்கு வங்காளத்தில் வழங்கும் பெயரிலிருந்து 1822-இல் புண்டியஸ் என்ற பெயரை வைத்தார். பிறகு அது ஒரு பெரிய சாக்குப்பை போல ஆகிவிட்டது, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கிடைத்த சின்னக் கெண்டை பலவும் அதற்குள் போயின. 2012-இல் இலங்கையைச் சேர்ந்த ரோகன் பெத்தியாகொட, மீகஸ்கும்புர, மதுவகே மூவரும் தெற்காசிய இனங்களை எலும்பு, மரபணு இரண்டையும் பார்த்து ஒரு கட்டுரையில் பிரித்தார்கள். டாகின்சியா, பெத்தியா என்று புதுப் பேரினங்கள் வந்தன, சிஸ்டோமஸ் என்ற பழைய பெயர் மீண்டும் உயிர்பெற்றது. டாகின்சியா, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ் பெயரில் வந்தது. பெத்தியா என்பது கட்டுரையாசிரியர் பெத்தியாகொடவின் பெயர் என்று நினைத்து எழுதிவிடாதீர்கள், சின்னக் கெண்டைகளைக் குறிக்கும் சிங்களச் சொல் அது.

அதே கட்டுரையில் திராவிடியா என்றும் ஒரு பேரினம் இருந்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் ஈக்கு வைக்கப்பட்டிருந்ததால் செல்லாமல் போய், 2013-இல் ஹலுடாரியா ஆனது. ஹாமில்டனுக்கு மீன் படங்கள் வரைந்து கொடுத்த வங்காள ஓவியர் ஹலுதாரின் நினைவாக வைத்த பெயர். இருநூறு வருடம் கழித்து அந்த ஓவியருக்கு ஒரு பேரினம் கிடைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே பெயர் இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு இருக்கக்கூடாது என்ற விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். மிஸ் கேரளா என்று மீன் கடைகளில் விற்கும் டெனிசோனி இனத்தையும் அதே 2013-இல்தான் சஹ்யாத்ரியா என்ற புதுப் பேரினத்துக்கு மாற்றினார்கள்.

சரி, ஜாடியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை நம்பாதீர்கள், ஃபார்மலினில் கிடந்த மீனில் சிவப்பும் பச்சையும் போய்விடும். நான் முதுகுத்துடுப்பில்தான் ஆரம்பிப்பேன். அதன் முன்பக்கத்தில் உள்ள கிளைக்காத கதிர்களில் கடைசியானதன் பின் விளிம்பில் ஊசியை மெதுவாக ஓட்டினால், ரம்பப் பல் இருந்தால் தட்டும். தட்டினால் அடுத்தது மீசை. இரண்டு ஜோடி இருந்தால் சிஸ்டோமஸ். மீசையே இல்லாமலோ, இருப்பதே தெரியாத அளவுக்கோ இருந்தால் பெத்தியா. விளிம்பு வழவழப்பாக இருந்தால் புண்டியஸா டாகின்சியாவா என்று பார்க்க வேண்டும், அங்கே பக்கக்கோட்டில், அதாவது உடலின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோட்டில், உள்ள செதில்களை எண்ணுங்கள். டாகின்சியாவில் 18 முதல் 22, புண்டியஸில் 22 முதல் 28. இருபத்திரண்டில் வந்து நின்றால் வாலடிப் பொட்டையும் சேர்த்துப் பாருங்கள். இதையெல்லாம் படத்தில் பார்த்துப் பழக முடியாது. மீன் மார்க்கெட்டில் சின்னக் கெண்டை கால் கிலோ வாங்கி, கைலென்ஸ் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எண்ணினேன், அந்த ஒரு நாள் கொடுத்தது ஒரு மாத நோட்ஸ் கொடுக்கவில்லை.

பலர் மதிப்பெண் விடும் இடம் பெயரின் வால். புண்டியஸ் ஆண்பால், டாகின்சியாவும் பெத்தியாவும் பெண்பால். அதனால் ஃபிலமென்டோசஸ், டாகின்சியா ஃபிலமென்டோசா ஆகிறது. இலங்கையின் நைக்ரோஃபேசியேட்டஸ், பெத்தியா நைக்ரோஃபேசியேட்டா ஆகிறது. ஆனால் இனப்பெயர் பெயரடையாக இல்லாமல் பெயர்ச்சொல்லாக இருந்தால் மாறாது, பெத்தியா கன்கோனியஸ் அப்படியே இருக்கும். அப்புறம் அடைப்புக்குறி. இனத்தை விவரித்தவர் வைத்த பேரினத்திலிருந்து அது இடம் மாறியிருந்தால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும்: சிஸ்டோமஸ் சரானா (ஹாமில்டன், 1822). புண்டியஸ் விட்டேட்டஸ் டே, 1865 என்பதில் அடைப்புக்குறி கிடையாது, ஏனென்றால் அதை விவரித்த ஃபிரான்சிஸ் டே முதலிலேயே புண்டியஸ் என்றுதான் எழுதினார். இதை விடைத்தாளில் சரியாக எழுதினால் நீங்கள் புரிந்து படித்தவர் என்று தேர்வாளருக்கு உடனே தெரியும்.

தமிழ்நாட்டில் தேர்வு எழுதுகிறவர்கள் டாகின்சியா தாமிரபரணியேயைக் கட்டாயம் படியுங்கள். 1954-இல் மீனியலாளர் சைலாஸ் விவரித்தது, பெயரிலேயே நம் ஆறு இருக்கிறது.

உங்கள் ஆய்வகத்திலும் பழைய லேபிள்தான் இருக்கும், பாடநூலிலும் பழைய பெயர் இருக்கலாம். நான் புதுப் பெயரை எழுதி, பக்கத்தில் 'முன்பு புண்டியஸ்' என்று ஒரு வரி சேர்ப்பேன். தேர்வுக்கு முந்தைய வாரம் கலிஃபோர்னியா அறிவியல் அகாதெமியின் எஷ்மேயர் மீன் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள், இலவசம்தான்.