டை போட்டும் நோட் ரெண்டு தடவ அடிக்குதா?

போன வாரம் எங்க சர்ச் கொயருக்கு ஒரு பாட்ட மியூஸ்ஸ்கோர்ல (இசைக் குறிப்பு எழுதுற சாஃப்ட்வேர்) நாலு பார்ட்டா டைப் பண்ணிட்டு இருந்தேன், கடைசியில பேஸ் (தாழ்ந்த குரல்) ஆளுங்க ஒரே சுரத்த ரெண்டு பார் புடிச்சு நிக்கணும், ஒரு பாருக்கு நாலு பீட் வர்ற ஃபோர் ஃபோர்ல எட்டு பீட், ஆனா ப்ளே பண்ணா நாலாவது பீட் முடிஞ்சதும் திரும்ப "டொய்ங்"னு புதுசா அடிக்குது. ரெண்டு நோட்டையும் ஒண்ணா நீட்ட டைன்னு நான் போட்ட வளைவு கோடு ஸ்க்ரீன்ல அழகா இருக்கு, அப்புறம் ஏன்?

ரொம்ப நேரம் மண்டைய ஒடச்ச அப்புறம்தான் புரிஞ்சுது, நான் போட்டது டை இல்ல, ஸ்லர் (நோட்டுகள விட்டுப்போகாம சேத்து பாடச் சொல்ற கோடு). பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா டை இருந்தா சாஃப்ட்வேர் ஒரே ஒரு நோட் ஆன் (நோட்ட அடின்னு சொல்ற கட்டளை) அனுப்பி மொத்த நீளத்துக்கும் புடிச்சு வைக்கும், ஸ்லர்னா ரெண்டும் தனித்தனி நோட்டு. மியூஸ்ஸ்கோர்ல டைக்கு டி கீ, ஸ்லருக்கு எஸ் கீ. கோட்ட க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல என்ன பேர் வருதுன்னு பாத்தாலே தெரிஞ்சிரும்.

அத மாத்தியும் ஒரு எடத்துல சரியாகல. அங்க முதல் நோட் எஃப் ஷார்ப், அடுத்தது ஜி ஃப்ளாட்! கீபோர்ட்ல ஒரே கட்டைதான், ஆனா எழுத்துல வேற வேற, அதனால ரெண்டையும் எஃப் ஷார்ப்பாவே எழுதி டை போட்டேன், சரியாயிடுச்சு.

ரிப்பீட் வர்ற பாட்டுல செகண்ட் எண்டிங்கோட (ரெண்டாவது தடவ பாடுறப்ப வர்ற முடிவு) முதல் நோட்டையும் தனியா கேட்டுப் பாருங்க, முன்னாடி பார்ல இருந்து வர்ற டை ஃபர்ஸ்ட் எண்டிங்கோட மட்டும் சேந்திருக்கலாம், அப்படின்னா இங்க மறுபடி அடிக்கும்.