திரிகைக் கல்லை அடகு வாங்காதே

தானே புயல் அடிச்சப்ப நான் திருப்பாப்புலியூர்ல ஒரு அடகுக் கடையில பில் எழுதிட்டு இருந்தேன். 2011 டிசம்பர் 30 காலைல, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல புயல் கரையேறுச்சு, பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, எங்க தெருவுக்கு கரண்ட் வரவே 18 நாள் ஆச்சு. புயலுக்கு அடுத்த வாரம் கடையில நின்ன கூட்டத்த நான் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, அப்புறமும் பாக்கல. மூக்குத்தி, கொழந்த கொலுசு, தாலிக் குண்டு. தங்கம் இல்லாதவங்க பித்தளை அண்டா, தையல் மிஷின்னு தூக்கிட்டு வந்தாங்க, அதுக்கும் மொதலாளி பின்பக்கமா ஒரு கணக்கு வச்சிருந்தாரு.

அப்பதான் மாவு அக்கா வந்தாங்க. எங்க ஏரியாவுல பாதி வீட்டுக்கு இட்லி மாவு அவங்கதான் ஊத்துவாங்க, வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு பசங்க. பெரிய கிரைண்டர், ஓட்டல்ல வச்சிருப்பாங்களே சாய்க்கிற மாதிரி, அத ட்ரை சைக்கிள்ல ஏத்திக் கொண்டாந்து எறக்கினாங்க. "கரண்ட்டே இல்லாத ஊர்ல இது சும்மாதான பாப்பா கெடக்குது, வெளக்கு வந்ததும் மீட்டுக்கறேன்"னாங்க. 1,500 ரூபா. நான்தான் பில் எழுதினேன், "கிரைண்டர் 1, பழசு, கல்லோட"ன்னு.

கரண்ட் வந்துடுச்சு. 1,500 வரல. காசு வேணும்னா மாவு அரைக்கணும், அரைக்க கிரைண்டர் வேணும், கிரைண்டர் வேணும்னா காசு வேணும். ஒரு நாள் சாயங்காலம் வந்து மொதலாளிகிட்ட கேட்டாங்க, "ராத்திரி மட்டும் குடுங்கண்ணே, அரைச்சுட்டு விடியறதுக்குள்ள கொண்டாந்து வச்சிடறேன்"னு. அவரு முடியாதுன்னுட்டாரு. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், லெட்ஜர்ல இருந்து தலைய தூக்கல. ஒரு வருஷம் ஏழு நாள் கெடு முடிஞ்சு அது வேற யாருக்கோ போயிடுச்சு.

இத இப்ப எழுதறதுக்குக் காரணம் மஞ்சக்குப்பத்துல எங்க பக்கத்து வீட்டு பெரியம்மா. சொந்தம் இல்ல, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். கண் புரை ஆபரேஷன் பண்ணினப்ப பைபிள் படிச்சுக் காட்ட ஆள் இல்லன்னு என்னைக் கூப்பிட்டாங்க, நாங்க கோயிலுக்குப் போற குடும்பம், ஆனாலும் பெரியம்மா கேட்டா மாட்டேன்னு எப்படிச் சொல்றது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம்னு ஆரம்பிச்சது, கண் சரியாகி மூணு வருஷம் ஆகியும் நிக்கல. மொத அஞ்சு புஸ்தகத்துலயே ரெண்டு பேரும் தங்கிட்டோம். ஆதியாகமத்துல இருந்து உபாகமம் வரைக்கும், யூதர்கள் தோரான்னு சொல்றது அதத்தான். தோராங்கற சொல்லுக்கு சட்டம்னு மட்டும் அர்த்தம் இல்ல, கத்துக் குடுக்கறது, வழி காட்டறதுன்னும் அர்த்தம் இருக்கு. அவங்க அத 54 பகுதியாப் பிரிச்சு வாராவாரம் ஜெப ஆலயத்துல படிக்கறாங்க, ஒரு வருஷத்துல முடியும், முடிச்ச அன்னிக்கே மறுபடி "ஆதியிலே"ன்னு தொடங்கிடுவாங்க. அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, நாங்களும் அப்படித்தான் படிக்கறோம். போன்ல எபிரெய மூலம், பெரியம்மா மடியில அவங்க அம்மா காலத்து தமிழ் பைபிள்.

உபாகமம் 24ஆம் அதிகாரம் ஆறாம் வசனம் வந்துச்சு. திரிகையோட அடிக்கல்லயோ மேக்கல்லயோ யாரும் அடகா வாங்கக் கூடாது, "அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்". எங்க பாட்டி ஏந்திரம்னு சொல்லும், ரெண்டு வட்டக் கல்லு, நடுவுல முளை, மேல கைப்பிடி. எபிரெயத்துல மேக்கல்லுக்கு ரெகெவ்னு பேரு, சவாரி பண்றதுங்கற வேர்ச்சொல்லு, கீழ்க்கல்லு மேல ஏறி உக்காந்து சுத்தறதால. அந்த ஒரு கல்ல மட்டும் எடுத்துட்டுப் போனாலும் கீழ இருக்கறது வெறும் பாறை, அதனாலதான் ரெண்டையும் தனித்தனியா பேர் சொல்லி வச்சிருக்காங்க. படிச்சுட்டு நான் பேசாம இருந்தேன், பெரியம்மா என்னடி ஆச்சுன்னாங்க, மாவு அக்கா கதைய அன்னிக்குத்தான் மொத மொதலா வாய் விட்டு ஒருத்தர்கிட்ட சொன்னேன்.

அதுக்கப்புறம் இந்த அடகு விஷயத்த மட்டும் புடிச்சுக்கிட்டுத் தேட ஆரம்பிச்சேன். மரபுப்படி தோராவுல 613 கட்டளை, செய்னு 248, செய்யாதேன்னு 365. அதுல அடகுக்கு இவ்வளவு எடம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல. அதே அதிகாரத்துல கொஞ்சம் கீழ, கடன் குடுத்தவன் அடகு எடுக்க வீட்டுக்குள்ள போகக் கூடாது, வெளிய நிக்கணும், கடன் வாங்கினவன்தான் வெளிய கொண்டாந்து குடுக்கணும்னு இருக்கு. இத அடகுக் கடையில வேலை செஞ்சவங்க படிச்சாதான் கனம் புரியும். வீட்டுக்குள்ள வந்து எத எடுக்கலாம்னு கண்ணால தடவறான் பாருங்க, அந்த அவமானம் கடன விடப் பெருசு. ஏழையோட போர்வைய வாங்கினா பொழுது போறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடணும். யாத்திராகமம் 22ல இதே சட்டம் வருது, அங்க ஒரு கேள்வியே கேக்குது, அவனுக்கு இருக்கறது அது ஒண்ணுதான், வேற எதப் போத்திக்கிட்டுப் படுப்பான்னு. சட்டப் புஸ்தகம் இப்படிக் கேள்வி கேட்டு நான் எங்கயும் பாக்கல. வட்டிக்கு எபிரெயத்துல ஒரு பேரு நெஷெக், கடின்னு அர்த்தம். பிரான்ஸ்ல த்ருவா ஊர்ல 11ஆம் நூத்தாண்டுல வாழ்ந்த ராஷிங்கற யூத உரையாசிரியர் அதுக்கு எழுதியிருக்கறது, பாம்பு கால்ல சின்னதா கடிக்கும், வலியே தெரியாது, திடீர்னு தலை வரைக்கும் வீங்கிடும். மூணு வட்டி, அஞ்சு வட்டின்னு எழுதின கை இது, எனக்கு அதுக்கு வேற விளக்கம் தேவப்படல.

கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கற யூத சட்டத் தொகுப்புல இந்தத் திரிகைச் சட்டத்த இன்னும் விரிச்சிருக்காங்க. கல்லுன்னு மட்டும் இல்ல, சாப்பாடு செய்யப் பயன்படற எந்தப் பாத்திரமும் இதுல அடக்கம். அதே இடத்துல, தலகாணிய ராத்திரிக்குத் திருப்பிக் குடுக்கணும், ஏர பகலுக்குத் திருப்பிக் குடுக்கணும். விதவைகிட்ட, அவ ஏழையோ பணக்காரியோ, அடகே வாங்கக் கூடாது. மாவு அக்கா அன்னிக்கு சாயங்காலம் கேட்டது இதத்தான், ராத்திரி மட்டும் குடுங்கன்னு. அவங்களுக்கு மிஷ்னாவும் தெரியாது ஒண்ணும் தெரியாது, வயித்துல இருந்து வந்த கேள்வி, அதுக்கு 1,800 வருஷத்துக்கு முன்னாடியே ஆமாம்னு ஒரு பதில் எழுதி வச்சிருக்கு.

இதெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா அது தனிக் கதை. மரபு மோசேதான் தந்தார்னு சொல்லுது, பெரியம்மாவுக்கு அதுல சந்தேகமே கெடையாது. ஆராய்ச்சி பண்றவங்க பல பேரு பல காலத்து எழுத்துங்க சேந்ததுன்னு சொல்றாங்க. 1753லயே ஆஸ்த்ருக்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், ஆதியாகமத்துல கடவுளுக்கு வர்ற ரெண்டு பேர வச்சு ரெண்டு மூல ஏடு பிரிச்சுக் காட்டினாரு, பேர் போடாம வெளியிட்டாரு. இங்க பாண்டியில டூப்ளே கவர்னரா இருந்த, ஆனந்தரங்கப் பிள்ளை டைரி எழுதிட்டு இருந்த அதே காலம். 1805ல டி வெட்டேங்கற ஜெர்மன்காரர், யோசியா ராஜாவோட 18ஆம் வருஷத்துல எருசலேம் கோயில்ல கிடைச்சதா ராஜாக்கள் புஸ்தகம் சொல்ற நியாயப்பிரமாண நூல உபாகமத்தோட சேத்து வச்சுப் பாத்தாரு, அது கி.மு. 622 வாக்குல. 1878ல வெல்ஹவுசன்னு இன்னொரு ஜெர்மன்காரர் இதயெல்லாம் ஒரே கோர்வையா ஆக்கினாரு, அப்புறம் அதுலயும் நிறைய மாறிப் போச்சு. பெரியம்மா சொல்றதும் ஆராய்ச்சி சொல்றதும் எனக்குள்ள சண்ட போட்டுக்கல, ஒரு சட்டத்த ஜனங்க நூறு நூறு வருஷமா கையில வச்சுத் தேச்சுத் தேச்சு எழுதியிருக்காங்கன்னா அதுவே எனக்குப் பெரிய விஷயமாத்தான் படுது.

பழைய பாபிலோன்லயும் இந்த மாதிரி இருந்திருக்கு, மறைக்கக் கூடாது. அங்க ராஜாவா இருந்த ஹமுராபியோட சட்டக் கல்லு 1901ல ஈரான்ல சூசாவுல பிரெஞ்சுக்காரங்க தோண்டினப்ப கிடைச்சது, இப்ப பாரீஸ் லூவர்ல இருக்கு. அதுல 241ஆம் சட்டம், கடனுக்கு ஈடா ஒருத்தன் மாட்டப் புடிச்சிட்டுப் போனா மினாங்கற எடையில மூணுல ஒரு பங்கு வெள்ளி அபராதம் கட்டணும். சரியான சட்டம்தான். ஆனா ஏன்னு அது சொல்லல.

என்னைப் புரட்டிப் போட்டது ஒரு பானை ஓடு. அரிக்கமேட்டுல தமிழ் பிராமி கீறின பானை ஓடுங்க கிடைச்சது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி இஸ்ரேல் கடற்கரையில மெசாத் ஹஷவ்யாஹுங்கற ஒரு சின்ன கோட்டையில 1960ல மையால எழுதின ஒரு ஓடு எடுத்தாங்க, கி.மு. 7ஆம் நூத்தாண்டு கடைசி, அந்த யோசியா காலத்த ஒட்டினது. அது ஒரு மனு. அறுப்பு அறுக்கற ஒரு கூலி ஆளு கோட்டை அதிகாரிக்கு எழுதிக் குடுத்தது. அடியேன் அறுத்தேன், அளந்தேன், களஞ்சியத்துல சேத்தேன், அப்ப சோபாய் மகன் ஹோஷயாஹு வந்து அடியேனோட துணிய எடுத்துட்டுப் போயிட்டான், கூட வெயில்ல அறுத்தவங்க எல்லாரும் எனக்கு சாட்சி சொல்லுவாங்க, துணிய வாங்கிக் குடுங்க. அடியேன் அடியேன்னு வரிக்கு வரி வருது. திங்கக்கிழமை நம்ம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதறவங்க பக்கத்துல நின்னு கேட்டுப் பாருங்க, இதே மூச்சு, இதே கோர்வைதான் இருக்கும். அந்த ஆளு பேரு கூட அதுல இல்ல, எடுத்துட்டுப் போனவன் பேருதான் அப்பன் பேரோட நின்னு போச்சு.

சட்டம் மட்டும் இல்ல, தோராவோட கதையும் அடகுலதான் திரும்புது. ஆதியாகமம் 38, தாமார். புருஷன் செத்துப் போன விதவை, மாமனார் யூதா அந்தக் கால வழக்கப்படி அவள தன்னோட அடுத்த மகனுக்குக் கட்டி வைக்காம அப்பன் வீட்டுக்கு அனுப்பிடறான். அவ முக்காடு போட்டு வழியில உக்கார்றா, யூதா அவள யாருன்னு தெரியாம நெருங்கறான், ஒரு ஆட்டுக்குட்டி தர்றேங்கறான். அது வர்ற வரைக்கும் அடமானம் குடுன்னு கேட்டு முத்திரை, கயிறு, கைக்கோல் மூணையும் வாங்கி வச்சுக்கறா. மூணு மாசம் கழிச்சு அவ கர்ப்பம்னு தெரிஞ்சு எரிச்சுடுங்கன்னு அவனே சொல்றப்ப, அந்த அடகுப் பொருள அனுப்பி இது யாருதுன்னு பாருங்கன்னு கேக்கறா. என்ன விட அவதான் நியாயமானவன்னு அவன் வாயாலயே ஒத்துக்கறான். அடமானத்துக்கு அங்க வர்ற எபிரெயச் சொல் எரவோன். அஞ்சு அதிகாரம் தள்ளி, பஞ்சத்துல தானியம் வாங்கப் போறப்ப தம்பி பென்யமீனுக்கு நான் பொறுப்புன்னு யூதா அப்பாகிட்ட நிக்கறான் பாருங்க, அங்க அதே வேர்ச்சொல்லுதான். முத்திரைய அடகு வச்ச ஆளு இப்ப தன்னையே ஈடா வைக்கறான். அதே சொல்லு கிரேக்கம், லத்தீன்னு சுத்தி பிரெஞ்சுல முன்பணத்துக்கு வர்ற ஆர்ங்கற சொல்லா ஆயிருக்கு, பாண்டியில பிரெஞ்சு படிச்ச தோழிகிட்ட சொன்னப்ப அவளுக்கே ஆச்சரியம்.

அதே உபாகமம் 24ல, விதவையோட துணிய அடகு வாங்காதேங்கற சட்டத்துக்கு அடுத்த வசனத்துலதான் காரணம் வருது. நீ எகிப்துல அடிமையா இருந்த, உன் தேவன் உன்ன அங்கருந்து மீட்டுக் கொண்டு வந்தாரு, அத நினைச்சுக்கோ, அதனாலதான் இத உனக்குச் சொல்றேன். மீட்டுங்கற எடத்துல எபிரெயத்துல பதாங்கற சொல்லு. யாத்திராகமம் 13ல கழுதக்குட்டிக்குப் பதிலா ஆடு குடுத்து மீட்கறதுக்கும், தலைப்பிள்ளைய மீட்கறதுக்கும் வர்ற சொல்லு இதுதான், ஈடு குடுத்து எடுக்கறது. நம்ம தமிழ்லயும் பாருங்க, கடையில நகைய மீட்டேங்கறோம், சர்ச்சுலயும் மீட்புங்கறாங்க. ஒன்பது வருஷம் "மீட்பு தேதி"ன்னு ஒரு கட்டம் போட்டு நிரப்பிட்டு இருந்திருக்கேன், ரெண்டும் ஒரே சொல்லுன்னு ஒரு நாளும் தோணல. அடகுல கெடந்து மீண்ட பொருளே நீதான், உனக்கு இன்னொருத்தி அடகுல கெடக்கறது எப்படி இருக்கும்னு தெரியும்ல, அப்படின்னு அந்தச் சட்டம் கேக்குது. கதைய எடுத்துட்டா சட்டம் ஹமுராபி கல்லு மாதிரி அபராதமா நின்னுடும், சட்டத்த எடுத்துட்டா கதை ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு எழுந்து போறதா ஆயிடும்.

இந்தப் புரட்டாசியில அந்தப் பகுதி மறுபடி வந்துச்சு. ஆறாம் வசனத்த இந்தத் தடவ பெரியம்மாவே கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சாங்க. படிச்சுட்டு, "அந்த பில்லு உன் கையெழுத்துலதான இருந்துச்சு?"ன்னாங்க.

"ஆமா பெரியம்மா."

"சரி, அடுத்தத நீ படி."

அடுத்த வசனம் மனுஷனத் திருடி விக்கறவனப் பத்தி.